ராகு காலம் பார்த்து விற்ற ஆள்

"வந்துட்டான்! ஏ பாக்கியம், அந்தப் பய வந்துட்டான் பாரு!"

அத்தான் என் காதுக்குள்ளேயே கத்தினார். திரும்பிப் பார்த்தால் அவர் விரல் கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறது. கண்ணாடி மேல் சாம்பார் ரேகை. மத்தியானப் பந்தி முடிந்து, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் மாடிப்படி ஏறி ஓடி வந்திருக்கிறார். சட்டையெல்லாம் பெருங்காய வாசம், கண்ணில் கொலைவெறி.

"விரலை எடுங்க அத்தான். அண்ணாச்சி பாத்தா என்னைத்தான் தொடைக்கச் சொல்லுவாரு" என்றேன்.

"தொடைக்கது கெடக்கட்டும். அவன் யாருன்னு மொதல்ல சொல்லு."

சொல்வதற்கு எனக்கென்ன சோழி உருட்டிப் பார்க்கவா தெரியும்? யார் விற்கிறார்கள் என்பது திரையில் வராது. எத்தனை ஷேர், என்ன விலை, அவ்வளவுதான் வரும். இருநூறு ஷேர், நேற்றைய விலைக்குக் கொஞ்சம் கீழே. நேற்றும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

"நம்ம குடும்பத்தைக் கெடுக்கதுக்குன்னே எவனோ கங்கணம் கட்டிக்கிட்டு நிக்கான். விடக்கூடாது. எரநூறையும் வாங்கிப் போடு. நானா அவனான்னு பாத்துருதேன்" என்றார் அத்தான்.

நான் பொத்தானைத் தட்டினேன். இருநூறும் அத்தான் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கீழே பழவங்காடிப் பிள்ளையாருக்கு யாரோ தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்ச் சில்லைப் பொறுக்கக் காக்காய்கள் சண்டை போட்டன.

குடைக் கடைக்கு மேலே

போன வாரம் நான் டைப்ரைட்டிங் பரீட்சையில் தோற்ற கதையை எழுதினாலும் எழுதினேன், "அப்புறம் உனக்கு எவன் வேலை கொடுத்தான்?" என்று கேட்டு ஏகப்பட்ட பேர் விசாரித்துவிட்டார்கள். கொடுத்தவர் தாணு அண்ணாச்சி. நாகர்கோவில்காரர். திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு குடைக் கடைக்கு மேலே ஷேர் புரோக்கர் ஆபீஸ் வைத்திருந்தார். பம்பாயில் கூச்சல் போட்டு வியாபாரம் பண்ணுவதெல்லாம் ஓய்ந்து, ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் வந்திருந்த சமயம் அது. மொட்டை மாடியில் ஒரு பெரிய டிஷ். அதில் மழை பெய்தால் பம்பாய் அறுந்துபோகும். இந்த ஊரில் மழை பெய்யாத நாள் எது?

அண்ணாச்சி என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம்தான். எனக்குத் தமிழும் மலையாளமும் ஒன்றுபோல வரும். போனில் மாமிகள் பேசினால் மாமி பாஷை, நாயர்கள் பேசினால் நாயர் பாஷை. இங்கிலீஷ் மட்டும் யாராவது பேசினால், "லைன் கிளியர் இல்லை சார்" என்று வைத்துவிடுவேன்.

அத்தான் என்றால் என் கூடப் பிறந்த அக்கா செண்பகத்தின் வீட்டுக்காரர், சுப்பையா. அம்பாசமுத்திரத்திலிருந்து பதினாறு வயசில் பாத்திரம் தேய்க்க வந்து, சமையல் கற்று, கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை வைத்தவர். ஊரே 'சுப்பையா மெஸ்' என்று சொல்லும். உண்மையில் அது செண்பகம் மெஸ்தான். அரைப்பது, வடிப்பது, தாளிப்பது எல்லாம் அக்கா. கல்லாவில் உட்கார்ந்து, "சாப்பாடு எப்படி சார்?" என்று கேட்பது மட்டும் அத்தான்.

நல்ல மனுஷன். ஒரு பீடி, ஒரு சினிமா, ஒன்றும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, கையுறைக் கம்பெனி.

பிள்ளைகள் பேரிலும் போடு

கம்பெனியின் பெயர் வேண்டாம். பொன்முடி போகிற வழியில் ரப்பர்ப் பாலில் டாக்டர்கள் போடுகிற கையுறை செய்கிற தொழிற்சாலை. தொண்ணூறுகளில் பெட்டிக்கடைக்காரன்கூட ஷேர் வெளியிட்ட ஒரு காலம் வந்ததே, அப்போது இவர்களும் வெளியிட்டார்கள். எம்.டி. கோட்டு போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடத்தினார். "உலகத்தில் நோய் உள்ளவரை கையுறை விற்கும்" என்றார். வந்தவர்களுக்கு நெய் ரோஸ்ட்டும் காப்பியும். சாலைக் கடைத்தெருவும் கோட்டைக்குள் இருந்த தமிழ்த் தெருக்களும் மொத்தமாக விழுந்தன.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆள் நிறைய ஷேர் கேட்டால் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆகவே வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரிலும் தனித்தனியாக விண்ணப்பம் போடுவார்கள். தொட்டில் பிள்ளைக்குக்கூட ஷேர் உண்டு. அத்தானும் தன் பெயரில் ஒன்று, அக்கா பெயரில் ஒன்று, இரண்டு பிள்ளைகள் பெயரில் ஒவ்வொன்று என்று போட்டார். பிள்ளைகளுக்கு கார்டியன் யார் என்று அண்ணாச்சி கேட்டார்.

"நான் வேற பாரத்துல இருக்கேன்லா. அதுல செம்பகத்தையே போட்டிருங்க. கையெழுத்து போட அவளுக்குத் தெரியும்" என்றார் அத்தான்.

ஆக, அந்த வீட்டு ஷேரில் பாதிக்குமேல் அக்கா கையெழுத்தில் வந்து நின்றது. அத்தான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பெண்டாட்டி பெயரில் இருந்தால் என்ன, பிள்ளை பெயரில் இருந்தால் என்ன, எல்லாம் 'நம்ம ஷேர்'தான். காகித ஷேரெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குக்கு மாறினபோதும் அக்காதான் தனியாகக் கையெழுத்துப் போட்டு அவள் கணக்கையும் பிள்ளைகள் கணக்கையும் திறந்தாள். அத்தானுக்கு அதுவும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

கம்பெனியின் ஆண்டுக்கூட்டம் தனிக் கூத்து. ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒரு முந்திரிப் பருப்புப் பொட்டலமும் ஒரு ஜோடி கையுறையும் தருவார்கள். குடும்பமே பங்குதாரர் என்பதால் கூட்டம் கூட்டமாக ஜீப் பிடித்துப் போவார்கள். கோட்டைக்குள் மாமிகள் ஆபரேஷன் கையுறை போட்டுக்கொண்டு சேனைக்கிழங்கு நறுக்கிய காட்சியை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பலாப்பழக் கணக்கு

விலை ஏறியது. பத்து ரூபாய் ஷேர் ஐம்பதைத் தொடப் பார்த்தது. அத்தான் தினமும் காலையில் பேப்பரைப் பிரித்து, அன்றைய விலையைத் தன்னிடம் இருக்கும் ஷேரால் பெருக்கி, அக்காவிடம் சத்தமாகச் சொல்வார். அக்கா மாவாட்டிக்கொண்டே, "அப்ப வித்துருங்களேன்" என்பாள்.

"நூறுக்குப் போகும்டி. பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியாது."

எனக்குப் புரிந்தது. தினமும் அந்தத் திரையைப் பார்க்கிறவள் நான்தானே. பெரிய கம்பெனி ஷேர் என்றால் வாங்க வரிசையில் ஆயிரம் பேர் நிற்பார்கள். கையுறைக் கம்பெனிக்கு வாங்குகிற பக்கத்தில் ஒருத்தன் ஐம்பது கேட்பான், இன்னொருத்தன் நூறு கேட்பான். அப்புறம் காலி. சில நாள் மத்தியானம்வரை ஒரு ஷேர்கூடக் கை மாறாது. இருக்கிறதெல்லாம் இந்த நாலு தெருக்காரர்களிடம். வெளியூர்க்காரன் எவனுக்கும் இப்படி ஒரு கம்பெனி இருப்பதே தெரியாது.

சந்தியில் ஒரு பலாப்பழம் நாற்பது ரூபாய்க்கு விலை போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோப்பில் ஐநூறு பலா காய்த்திருக்கிறது. ஐநூறு நாற்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டு நீங்கள் வீடு கட்டக் கிளம்பினால் உங்களை என்ன சொல்வது? சந்தியில் நின்றது ஒரே ஒரு ஆள். அவனுக்குத் தேவை ஒரே ஒரு பழம். அத்தான் போட்டுக்கொண்டிருந்தது அந்தக் கணக்குதான். நான் சொல்லியும் பார்த்தேன். "ஒனக்கு அண்ணாச்சி சம்பளம் கொடுக்காரு, நீ பொத்தானைத் தட்டு" என்றுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மெஸ் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான நாயர் சார் ஒரு நாள் சாப்பிட வந்து, மோர் குடித்துவிட்டு விஷயத்தைப் போட்டார். மகன் வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறான், கட்டடத்தை விற்கப்போகிறோம்.

"சுப்பையா, நிங்களுக்கு வேணும்னா முதல்ல நிங்களுக்கு. சித்திரை விஷு வரை ஞான் காத்திருக்காம். அது கழிஞ்ஞா வேற ஆளுக்குக் கொடுக்கும். பின்னே என்னைக் குற்றம் பறயருது கேட்டோ."

வேறு ஆள் வாங்கினால் மெஸ் காலி. அங்கே துணிக்கடை வரும். அக்கா இருபது வருஷம் நின்ற அடுப்படி அது. அன்றைக்கு அக்கா சாப்பிடவே இல்லை. அத்தான் மட்டும் தெம்பாக இருந்தார்.

"நம்ம ஷேரை வித்தா கட்டடத்துக்கும் ஆச்சு, மேல ஒரு மாடிக்கும் ஆச்சு. கொஞ்சம் பொறு. இப்ப லேசா எறங்கி இருக்கு. ஐம்பதைத் தொடட்டும்" என்றார்.

ஆளுக்கொரு தியரி

இறங்கினது லேசாக இல்லை. அந்த மாதத்திலிருந்துதான் தினமும் ஒரு ஆள் விற்க ஆரம்பித்தது. நூறு, இருநூறு, சில நாள் முந்நூறு. பெரிய கம்பெனியில் அது கொசுக்கடி. இங்கே தினம் ஒரு படி இறங்கியது. விலை இறங்கினதும் வாங்க நினைத்த நாலு பேரும், "நாளைக்கு இன்னும் கொறையும்" என்று ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்கினதால் இன்னும் இறங்கியது. நாற்பதிலிருந்து முப்பது, முப்பதிலிருந்து இருபத்தைந்து.

கோட்டைக்குள் ஒரே களேபரம். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டார்கள். கோயிலில் பிரதட்சிணம் வரும்போதுகூட, "நீங்க வித்தேளா?" "சத்தியமா இல்லை, நீங்க?" இதே பேச்சு.

தாணு அண்ணாச்சிக்கு ஒரு தியரி. "பம்பாய்ல எவனோ பெரிய கை. ஃபண்டுக்காரன். கொஞ்சம் கொஞ்சமா எறக்குகான்."

ஃபண்டுக்காரன் நூறு நூறாக விற்பானா? கேட்டால் அண்ணாச்சி மூக்குப்பொடி போட்டுக்கொண்டு மேலே பார்ப்பார்.

அத்தானின் தியரி, எம்.டி.யேதான் வேறு பெயரில் விற்கிறான் என்பது. அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் விபரீதம். தானே வாங்கி விலையைத் தாங்கிப் பிடிப்பது. கல்லாவில் விழுகிற காசை அள்ளிக்கொண்டு தினமும் மத்தியானம் எங்கள் ஆபீசுக்கு ஓடி வந்துவிடுவார். அண்ணாச்சி தடுப்பாரா? வாங்கினாலும் கமிஷன், விற்றாலும் கமிஷன். "தாங்கிப் பிடியும் சுப்பையா, நீரு ஆம்பளை" என்று உசுப்பேற்றுவார்.

மெஸ்ஸில் அந்த மாதங்களில் சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கிறதா என்று முங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. செக்ரட்டேரியட் கிளார்க் ஒருத்தர், "சேட்டா, இது சாம்பாரோ ரசமோ?" என்று கேட்டுவிட்டார். அத்தான் அவரை முறைத்த முறைப்பில் மனிதர் மோர் வாங்காமலே எழுந்து போனார்.

வியாழக்கிழமை மட்டும் ஏன்?

எனக்கு அந்த ஆளைப் பற்றி ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. தினமும் விற்பது இரண்டரை மணிக்கு. திங்கள் இரண்டரை, செவ்வாய் இரண்டரை, புதன், வெள்ளி எல்லாம் இரண்டரை. வியாழக்கிழமை மட்டும் இரண்டரைக்கு ஆள் வராது. மூன்று மணி தாண்டி, மார்க்கெட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவசர அவசரமாக வரும்.

வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்றுவரை என்ன? காலண்டர் கிழிக்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணையும் எழுப்பிக் கேளுங்கள், தூக்கத்திலேயே சொல்லுவாள். ராகு காலம்!

பம்பாய் ஃபண்டுக்காரன் ராகு காலம் பார்ப்பானா? கோட்டு போட்ட எம்.டி. பார்ப்பானா? விற்கிறது நம்ம ஆள். நம்ம தெரு ஆள். இரண்டரைக்குத்தான் கை ஒழிகிற ஆள்.

இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் கோட்டைக்குள் புகுந்து யார் சட்டையையாவது பிடித்துவிடுவார். அவருடைய சந்தேகமோ ஏற்கெனவே அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் ரிட்டயர் ஆன ஒரு மாமா மேல் இருந்தது. அந்த மாமாவோ ஷேரை விற்பது எப்படி என்றே தெரியாதவர்.

அடுப்புப் புகையில்

ஆற்றுக்கால் பொங்காலை வந்தது. வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ரோடு கிடையாது, பஸ் கிடையாது, ஆண்கள் கிடையாது. கோயிலைச் சுற்றி மைல் கணக்கில் மூன்று செங்கல் வைத்து, பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்து அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். எனக்கும் அக்காவுக்கும் பழவங்காடியிலேயே, எங்கள் ஆபீஸ் படிக்கட்டுக்கு எதிரிலேயே இடம் கிடைத்தது. மெஸ்ஸுக்கு லீவு.

பம்பாய்க்கு ஏது பொங்காலை? மார்க்கெட் உண்டு. அண்ணாச்சி மாடி ஜன்னலிலிருந்து, "பிள்ளே, ஒரு எட்டு மேல வந்து பாத்துட்டுப் போ" என்று கத்திக்கொண்டே இருந்தார். பானை பொங்கி, நிவேத்தியத்துக்காகக் காத்திருந்த நேரம். கண் எரிய எரிய ஏறிப் போனேன். அத்தான் அங்கேதான் இருந்தார்.

"மணி ரெண்டே முக்கால். இன்னைக்கு அந்தப் பய வரலியே! பயந்துட்டாம்ல!" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில்.

நான் ஜன்னல் வழியாகக் கீழே அடுப்பு வரிசையைப் பார்த்தேன். பொங்காலை அன்றைக்கு வர முடியாத ஆள். அப்படியென்றால் பொம்பளை.

கீழே இறங்கி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷேர் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதவள், பானையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"இன்னைக்குக் கையுறை என்ன வெலைக்கு நிக்கி?"

நான் அவளையே பார்த்தேன். மத்தியானப் பந்தி முடிவது எத்தனை மணிக்கு? இரண்டே கால். பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடக்க எவ்வளவு நேரமாகும்?

"அடிப்பாவி! நீயா?"

"சத்தம் போடாத. எம்பேர்ல உள்ளதுதான. பிள்ளைக பேர்ல உள்ளதுதான. கரமனைல ஒரு புரோக்கருகிட்ட போன்ல சொல்லி வித்துக்கிட்டு இருக்கேன். இவுகளை நம்பிக்கிட்டு இருந்தா விஷுவுக்கு நாம அடுப்பைத் தூக்கிக்கிட்டு நடுரோட்டுல நிக்கணும், இன்னா இந்த மாதிரி."

"அக்கா, நீ விக்கிறதை யாரு வாங்குதாங்கன்னு தெரியுமா?"

"எவனோ ஒரு மடப்பய. நல்லாயிருக்கட்டும்."

"அத்தான்தான்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கினேன். தினமும் மத்தியானம் கல்லாக் காசோடு ஓடி வருவது, தாங்கிப் பிடிப்பது, எல்லாம். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அழப்போகிறாள் என்று நினைத்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், பக்கத்து அடுப்பு மலையாளத்து அம்மா, "எந்து பற்றி மோளே?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

"புகை, அம்மா, புகை" என்றாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்புறம் என் பக்கம் குனிந்து, "அப்ப நாளையிலேருந்து கூட நூறு சேத்துப் போடச் சொல்லுதேன்" என்றாள்.

"பாவம்க்கா. அவருகிட்ட சொல்லிரு."

"சொன்னா என்ன நடக்கும்? இதுவரைக்கும் சேத்த பணத்தையும் புடுங்கி அந்தக் கையுறையிலயே கொண்டு போடுவாக. கல்லாக் காசு எப்படியும் போகத்தான் போகுது. எங்கிட்ட வந்தா கட்டடத்துக்காவது ஆகும். ஆத்துக்கால் அம்மை முன்னால சத்தியம் பண்ணு, நீ வாயைத் தெறக்க மாட்டேன்னு."

பண்ணினேன். பொங்கின பானைக்கு முன்னால் வேறென்ன செய்ய?

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அக்கா பூத்திலிருந்து போனில் விற்பாள், மாடியில் அத்தான் என் கையால் வாங்குவார். நடுவில் இரண்டு புரோக்கருக்குக் கமிஷன். புருஷன் காசு பம்பாய்வரை போய்ச் சுற்றி, பெண்டாட்டி கைக்கு வந்து சேர்ந்தது. நேராக அஞ்சறைப் பெட்டியில் போட்டிருந்தால் கமிஷனாவது மிஞ்சியிருக்கும். சிரிப்பாகவும் இருந்தது, அத்தான் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

எல்லாத்தையும் போட்டுரு

விஷுவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அத்தான் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரம் பார்த்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். விலை இருபதை ஒட்டி நின்றது. அவர் தாங்கிப் பிடித்ததால் நின்றது.

"ஐம்பது வராது போல. பரவால்ல. இருபதுன்னாலும் என்கிட்ட இப்ப முன்னைவிட டபுளா இருக்குல்லா. எல்லாத்தையும் போட்டுரு பாக்கியம். மொதல்ல எம்பேர்ல உள்ளதைப் போடு. அது போனதும் ஒங்கக்கா பேர்ல உள்ளதுக்குக் கையெழுத்து வாங்கிட்டு வாரேன்."

"மொத்தமா போட்டா தாங்காது அத்தான். கொஞ்சங் கொஞ்சமா..."

"நாயர் சார் காத்துக்கிட்டு இருக்காரு. போடு."

போட்டேன். திரையில் வாங்குகிற பக்கம் ஒரு ஐம்பது இருந்தது, போயிற்று. ஒரு நூறு இருந்தது, அதுவும் போயிற்று. ஒரு இருபத்தைந்து, பதினெட்டு ரூபாய்க்கு. அவ்வளவுதான். வாங்குகிற பக்கம் துடைத்துவிட்ட பலகை மாதிரி வெறிச்சென்று ஆனது. விற்கிற பக்கம் அத்தானின் ஆயிரக்கணக்கான ஷேர் தனியாக உட்கார்ந்திருந்தது. ஒரு நாளைக்கு இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று எக்ஸ்சேஞ்ச் ஒரு வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பைத் தொட்டுவிட்டு விலை அங்கேயே கிடந்தது.

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் திரையையே பார்த்தார்.

"என்ன இது, ஒரு பயலையும் காணோம்? தினமும் ஒருத்தன் வாங்குவானே, விடாம வாங்குவானே, அவன் எங்க?"

அண்ணாச்சி மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடினார்.

"அது நீங்கதான் அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். எழுந்து, செருப்பைப் போட மறந்து, வெறுங்காலோடு படி இறங்கிப் போனார். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

மறுநாளும் கீழ் வரம்பு, அதற்கு அடுத்த நாளும் கீழ் வரம்பு. ஒரு ஷேர் போகவில்லை. இவர் போட்ட மூட்டையைப் பார்த்து மிரண்ட கோட்டைக்காரர்களும் விற்கிற பக்கம் வந்து வரிசை கட்டினார்கள்.

விஷுவுக்கு முந்தின நாள் மத்தியானம். மெஸ்ஸில் பந்தி முடிந்து, பெஞ்சைக் கழுவி விட்டிருந்தார்கள். நான் போனபோது அத்தான் ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். ஐம்பது வயசு மனுஷன் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"செம்பகம், ஒன்னை நடுத்தெருவுக்குக் கொண்டு வந்துட்டேன். நாயர் சார் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணைத் தொடைங்க. நாயர் சாருக்கு முந்தாநாளே அட்வான்ஸ் கொடுத்து எழுதியாச்சு. மிச்சத்துக்கு பேங்க்ல லோன் சொல்லியிருக்கு. கட்டடம் எம்பேருக்கு வருது. அடுப்பு எங்கயும் போகாது."

அத்தானுக்கு அழுகை பாதியில் நின்றது. "பணம்? ஏது பணம்?"

"ஷேரு வித்த பணம். எம்பேர்ல, பிள்ளைக பேர்ல இருந்துச்சே, அது."

"எப்ப வித்த? அந்தக் கண்றாவியை எவன் வாங்கினான்?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி இரண்டரை. அத்தானும் அதைப் பார்த்தார். எதிர்த்த எஸ்.டி.டி. பூத்தைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விழுந்து புரிவது எனக்கே தெரிந்தது.

"அந்தப் பய... நீயா?"

"ம்."

அவர் கோபத்தில் கையை ஓங்குவாரோ என்றுகூடப் பயந்தேன். கையை ஓங்கவில்லை. தோள் துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா?" என்றாள் அக்கா.